கணக்குக் கேட்கப் போன அனுபவம்

சென்னைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கும் நான், தொண்டு நிறுவனங்களின் பொறுப்புக்கூறலை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது, கணக்குகளைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் கடினமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன்; அவற்றைக் கையில் வாங்குவதற்கே பதினான்கு மாதங்கள் பிடித்தன. நம் ஊரில் கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவதாகவே பொருள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியின் கணக்கைக் கேட்டதும், அதே மாதத்தில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டதும் இன்றுவரை பேச்சில் அடிபடும் கதை. நான் முதலில் அணுகிய நிறுவனத்தின் செயலாளர் என் கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் சொல்லித்தான் சிரித்தார். பிறகு நிர்வாகக் குழுவில் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். அந்தக் குழு இன்னும் கூடியதாகத் தெரியவில்லை.

பதினொரு நிறுவனங்களைக் கேட்டதில் மூன்று சம்மதித்தன. நெறியாளரின் பரிந்துரைக் கடிதமோ, பெயர் வெளியிடமாட்டேன் என்ற உறுதிமொழியோ கதவைத் திறக்கவில்லை. நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறைக்கு மே 31க்குள் அனுப்ப வேண்டிய 10பிடி படிவத்துக்காக ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு கணக்காளர் திணறிக்கொண்டிருந்தார். அவர் அருகில் நான்கு நாள்கள் உட்கார்ந்து பான் எண்களைச் சரிபார்த்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பீரோ சாவி என் மேசைக்கு வந்தது. ஆய்வாளர் இப்படி உதவலாமா என்ற கேள்வி எனக்கும் இருந்தது; ஆய்வுமுறை இயலில் அதை மறைக்காமல் எழுதினேன்.

பீரோவில் இருந்த கோப்புகளில் 2015 டிசம்பர் வெள்ள நிவாரணத்துக்கானதை மட்டும் மூன்று முறை படித்தேன். “படகு வாடகை, இரண்டு நாள், பில் கிடையாது” என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிய வவுச்சர் ஒன்று; கீழே ஒரு கைரேகை, பின்பக்கத்தில் ஒரு கைப்பேசி எண், ஓரத்தில் ஆடிட்டரின் பென்சில் குறி. கழுத்தளவு நீரில் ரசீதுப் புத்தகத்தோடு எவரும் படகு ஓட்டியிருக்க முடியாது என்பதை அந்த ஆடிட்டர் புரிந்துகொண்டிருக்கிறார். அதே பீரோவில் இருந்த, வணிக நிறுவனங்கள் தரும் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதிக்கான கோப்புகளில் பதாகையோடு எடுத்த படங்களும் வருகைப் பதிவேட்டு நகல்களும் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ்களும் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அந்த நிதியில் நடந்த பயிற்சி எவருக்காவது பயன்பட்டதா என்பதை எந்தத் தாளும் சொல்லவில்லை.

என் ஆய்வின் மையம் இங்கேதான் மாறியது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. திட்டச் செலவு எது, நிர்வாகச் செலவு எது என்ற வகைப்பாடு அதன் பிறகு வாழ்வா சாவா என்றாகிவிட்டது. ஒரு நிறுவனத்தில் அலுவலக மேலாளராக இருந்தவர் அடுத்த ஆண்டின் சம்பளப் பட்டியலில் கள ஒருங்கிணைப்பாளர் ஆகியிருந்தார். அவருடைய நாற்காலி நகரவில்லை. இதை மோசடி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பணம் கொடுப்பவரின் விதிக்கு ஏற்பக் கணக்கு வடிவம் எடுக்கிறது என்றுதான் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிக நேரம் எடுத்துக்கொண்டதும் இந்த வரியில்தான். முடிவில் அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்க்கச் சொல்லி விட்டுவிட்டார்.

பட்டம் உறுதியான பிறகு, ஆய்வின் சுருக்கத்தை இரண்டு பக்கத் தமிழில் அச்சிட்டுக்கொண்டு பெரும்பாக்கம் குடியிருப்பில் நான் நேர்காணல் செய்த தையல் குழுவிடம் போனேன். அவர்கள் பெயரால் வந்த பணத்தின் கணக்கை அதுவரை எவரும் அவர்களிடம் காட்டியதில்லை. குழுத் தலைவி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“மேடம், மிஷின் ஆறுன்னு போட்டிருக்கீங்க. அஞ்சுதான் வந்துச்சு.”

தணிக்கை செய்த சொத்துப் பதிவேட்டில் ஆறு என்றே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் எழுதியிருந்தேன். இரண்டு ஆண்டுகளில் அந்த அறைக்கு ஏழு முறை வந்தும் மிஷின்களை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் என் பேனாவை வாங்கி, ஆறை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதி, பக்கத்தில் தேதியுடன் கையெழுத்தும் போட்டார்.