அம்மாவோடு சாலையைக் கடந்த ஊர்கள்

எங்கள் குடியிருப்பின் பால்கனியில் நின்றால் எதிரே இந்திய மளிகைக் கடை தெரியும். வாசலில் ட்ராலி தள்ளிக்கொண்டு வருகிறவர் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்றுகூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு பக்கம். 2015 கோடையில் ஆறு மாதம் என்னோடு தங்க டல்லாஸ் வந்த அம்மா, முதல் வாரமே அதைப் பார்த்துவிட்டாள். "கறிவேப்பிலை வாங்க நானே போயிட்டு வந்துடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். வாயால் சொன்னால் புரியாது என்று, சனிக்கிழமை காலையில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆறு வழிச் சாலை. நேராகக் கடக்க வழியில்லை. சிக்னல் இருக்கும் முனைக்கு அரை மைல் போய், கடந்து, மறுபடி அரை மைல் திரும்பி வரவேண்டும். எங்கள் குடியிருப்பு வாசலில் அழகாகத் தொடங்கிய நடைபாதை, பக்கத்து மனையின் எல்லையில் அப்படியே நின்றுபோனது. அதற்கப்புறம் புல். புல்லுக்குள் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள். அம்மா புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்து நிமிடத்துக்குள் இரண்டு கார்கள் எங்கள் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் இருந்தவர்கள் நல்லவர்கள். வண்டி ரிப்பேரா, எங்காவது கொண்டுபோய் விடட்டுமா என்று அக்கறையாகக் கேட்டார்கள். அவர்கள் போனபிறகு அம்மா கேட்டாள்: "நடந்து போறவங்களப் பார்த்தா இங்க பாவமா இருக்குமாடி?"

முனைக்கு வந்து பொத்தானை அழுத்தினோம். கடக்கலாம் என்று சிக்னலில் வெள்ளை மனித உருவம் எரிந்தது, பிறகு மிச்ச நொடிகளைக் காட்டும் எண்கள் இறங்கத் தொடங்கின. திரும்பும் வண்டிகளுக்கான தடங்களையும் சேர்த்தால் சாலையின் அகலம் கிட்டத்தட்ட நூறு அடி. அமெரிக்காவில் பாதசாரிக்கான நேரத்தைக் கணக்கிட, ஒருவர் நொடிக்கு மூன்றரை அடி நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். முன்பு நான்கடியாக இருந்ததை 2009 போக்குவரத்துக் கையேட்டில் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் நூறு அடியைக் கடக்க 29 நொடி. வலது முழங்கால் தேய்ந்துபோன அம்மாவுக்கு நாற்பது நொடி வேண்டும். நடுத்திட்டை அடைவதற்கு முன்பே எண்கள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. மிச்சம் போதாது என்று திட்டிலேயே நின்றோம். இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்க, அடுத்த சுற்றுக்காக நின்றிருந்த அந்த நேரம் முழுதும் அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கறிவேப்பிலையைப் பற்றி அவள் பேசவே இல்லை.

எனக்கு இடது கண்ணில் பிறந்ததிலிருந்தே பார்வை குறைவு. வண்டி ஓட்டும் தைரியம் வரவே இல்லை. அதனால் எந்த ஊரில் குடியிருந்தாலும் கால், பஸ், ரயில்தான். டல்லாஸிலும் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில்தான் வீடு பார்த்தேன். அங்கே 1996 முதல் ஓடும் மின்ரயில் நல்ல ரயில், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலையத்தை விட்டு இறங்கினால் முதலில் வருவது கார்கள் நிறுத்தும் மைதானம். அதைத் தாண்டினால் இன்னொரு கடையின் கார் மைதானம். இளவயசில் இருந்த எனக்கு அது வெயிலும் அலுப்பும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது ஆறு மாத வீட்டுச் சிறை. மேற்கு மாம்பலத்தில் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, அயோத்தியா மண்டபம் வரை நடந்து, ஸ்டேஷன் ஓரத்துக் காய்கறிக் கடைகளில் பேரம் பேசி, பூ வாங்கி, வழியில் நாலு பேரிடம் குடும்பக் கதை கேட்டு வீடு திரும்புகிறவள் அவள். அமெரிக்கப் புறநகர்களில் பிள்ளைகளோடு வந்து தங்கும் நம் பெற்றோர் பலர் ஜன்னலோரம் உட்கார்ந்து மகனோ மகளோ வேலையிலிருந்து வரக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மொழி தெரியாததும் குளிரும் மட்டும் காரணம் அல்ல. வாசலுக்கு வெளியே அவர்கள் நடக்க இடம் இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் மூன்று நாள் நியூயார்க் போனோம். அம்மாவின் முகம் மாறியதை அங்கேதான் பார்த்தேன். மன்ஹாட்டனில் தெருக்களை 1811இல் கட்டம் கட்டமாகத் திட்டமிட்டார்கள். வடக்கு தெற்காக இருபது கட்டம் நடந்தால் ஏறக்குறைய ஒரு மைல். அம்மா கட்டங்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். கால் வலித்தால் கட்டத்துக்கு ஒரு கடை, அதன் முன்னால் ஒதுங்கி நிற்க இடம். 7ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங் போய், அங்கிருந்து பிள்ளையார் கோயிலுக்கு நடந்தோம். 1977இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை சாப்பிட்டுவிட்டு, "இந்த ஊர்ல இருந்தா நான் தனியாவே வருவேன்" என்றாள். ஆனால் மறுநாளே ஒரு நிலையத்தில் லிஃப்ட் இல்லாமல் அறுபது எழுபது படிகளை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். 472 நிலையங்கள் உள்ள அந்த ரயில் கட்டமைப்பில் பாதிக்குக்கூட லிஃப்ட் கிடையாது. நூற்றாண்டு பழைய சுரங்கங்களில் லிஃப்ட் போடுவது சுலபமில்லைதான். முழங்காலுக்கு அந்த நியாயம் தெரியாதே.

2018இல் வேலை மாறி சிங்கப்பூர் வந்தேன். தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில் வாடகை வீடு. மறுவருஷம் அம்மா வந்தாள். இந்த ஊரைப் பற்றிச் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்ததே.

அங்கே அரசுக் குடியிருப்புகளின் புளோக்குகளுக்குக் கீழ்த்தளத்தில் பெரும்பாலும் வீடு கிடையாது. தூண்களோடு திறந்த வெளியாக விட்டிருப்பார்கள். ஒரு புளோக்கின் அடியில் புகுந்து அடுத்த புளோக்கின் அடிக்குப் போகலாம். நடுவில் வெட்டவெளி வந்தால் அதற்கும் கூரை போட்ட நடைபாதை இருக்கும். ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கும் வீடு, பள்ளி, கிளினிக் எல்லாவற்றையும் கூரை நடைபாதையால் இணைக்க வேண்டும் என்று 2013இல் ஒரு திட்டம் தொடங்கி, 200 கிலோமீட்டர் அளவுக்குப் போட்டார்கள். நவம்பர் மழை எப்படிக் கொட்டும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அப்படியொரு மழையில் அம்மா சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். கையில் குடை விரிக்காமலே இருந்தது. புடவைக் கரையில் மட்டும் இரண்டு விரல் ஈரம். ஏதோ பெரிய காரியம் சாதித்தவள்போல் அதைப் பிழிந்துகொண்டே, "கூரை முடியற எடத்துல பத்தடிதான் நனைஞ்சேன்" என்றாள்.

இரண்டாவது வாரம் முதல் அவள் என்னைக் கேட்பதே இல்லை. காலையில் லோரோங் 8இல் இருக்கும் வைராவிமட காளியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போனாள். திரும்பும்போது ஒரு புளோக்கின் அடியில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையருகே உட்கார்ந்து கால் ஆற்றிக்கொள்வாள். அங்கே வழக்கமாக உட்காரும் ஒரு சீனப் பாட்டியோடு சிநேகமாகிவிட்டது. இவளுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. அது போதுமாக இருந்தது. தைலத்தின் பெயரைக் காகிதத்தில் வரைந்து கொடுத்திருக்கிறார் அந்தப் பாட்டி. எழுதி அல்ல, டப்பியையே படமாக வரைந்து!

அந்தப் பாட்டிதான் அம்மாவுக்கு சிக்னல் கம்பத்தின் ரகசியத்தைக் காட்டினார். பல சந்திப்புகளில் பொத்தானுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மூத்தோருக்கான சலுகை அட்டையை அதில் ஒற்றினால், பச்சை மனிதன் கூடுதலாக நிற்பான். சாலையின் அகலத்தைப் பொறுத்து மூன்று முதல் பதின்மூன்று நொடி வரை. 2009இல் சோதனையாகத் தொடங்கியது. சுற்றுலா அனுமதியில் வந்த அம்மாவுக்கு அந்த அட்டை கிடைக்காது. பாட்டி தன் அட்டையை ஒற்றிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கடப்பாராம். இருவருமாக எதிர்ப்பக்கம் ஏறிய பிறகும் எண்கள் மிச்சம் இருக்கும் என்று அம்மா என்னிடம் சொன்னபோது, டல்லாஸ் நடுத்திட்டு ஞாபகம் வந்து எனக்குப் பேச்சு வரவில்லை. பதின்மூன்று நொடி. ஒரு ஊர் தன் கிழவிகளுக்காகக் கார்களை நிறுத்திவைக்க ஒதுக்கிய நேரம்.

கார்களை அங்கே ஊரே ஒரு கட்டுக்குள் வைத்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1975இலேயே நகர மையத்துக்குள் கார் நுழையக் கட்டணம் வைத்தவர்கள். 1990 முதல் கார் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஏலத்தில் ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்குப் பத்து வருஷம்தான் ஆயுள். 2023இல் சிறிய கார்களுக்கான அந்தச் சான்றிதழே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. காரின் விலை தனி! குழந்தை குட்டிகளோடு இருக்கும் நண்பர்கள் இதைச் சொல்லிப் புலம்புவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கார் இல்லாதவரை அங்கே யாரும் நின்று பரிதாபமாகப் பார்ப்பதில்லை. அலுவலகத்தில் என் மேலதிகாரியும் பஸ்ஸில்தான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நியூட்டனில் ரயில் மாறி லிட்டில் இந்தியா போவோம், அங்கத்துத் தமிழர்கள் 'தேக்கா' என்று சொல்லும் பகுதி. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் தாழ்வாரத்தை அங்கத்துத் தமிழர்கள் 'அஞ்சடி' என்பார்கள். கடைக்காரர் தன் கட்டடத்தின் முன்பகுதியைக் கூரையோடு வழிப்போக்கருக்கு விடவேண்டும் என்ற விதி, சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டத்திலிருந்து வருகிறது. அந்தச் சொல்லை முதல்முறை கேட்டதும் அம்மாவுக்குப் பிடித்துப்போனது. "நம்ம திண்ணை மாதிரி. ஆனா உட்கார்றவங்களுக்கு இல்ல, நடக்கறவங்களுக்கு" என்றாள். இருநூறு வருஷத்துக்கு முந்திய அஞ்சடியும், 2013இன் கூரை நடைபாதையும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை என்றுதான் எனக்கும் தோன்றியது. வெயிலிலும் மழையிலும் நடக்கிறவர் தலைக்கு மேலே யார் கூரை போடுவது என்ற கேள்விக்கு, கட்டுகிறவர்தான் என்று பதில் சொல்லிவிட்டார்கள்.

2022இல் மாம்பலத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். அம்மாவுக்கு எழுபத்து மூன்று ஆகியிருந்தது.

நடப்பதற்கு எங்கள் பேட்டையைப் போல வசதியான இடம் உலகத்தில் குறைவு. வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் மருந்துக்கடை, கோயில், காய்கறி, டாக்டர், மின்சார ரயில், தையற்காரர், எல்லாம். டல்லாஸ் புறநகரில் எத்தனை கோடி கொட்டினாலும் இதைக் கொண்டுவர முடியாது. அப்படியிருந்தும் அம்மா நடை குறைந்துகொண்டே வந்தது. காரணம் கண்ணெதிரே இருந்தது. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது நம் நாட்டின் சாலை வழிகாட்டி நெறிமுறை. எங்கள் தெரு முனையில் ஒருநாள் டேப் வைத்து அளந்தேன். 31 சென்டிமீட்டர். அதில் ஏறினாலும் எட்டடிக்குள் ஒரு மின்பெட்டி, பிறகு வரிசையாக பைக்குகள், பிறகு ஒரு வீட்டுக்குக் கார் ஏறச் சரிவு, மறுபடி 31 சென்டிமீட்டர் இறக்கம். அம்மாவும், அம்மா வயசுக்காரர்கள் எல்லோரும், வண்டிகளோடு சாலையில்தான் நடக்கிறார்கள். ஒரு கையில் கூடை, இன்னொரு கையை உயர்த்தி வருகிற வண்டியை நிறுத்தச் சொல்லிக்கொண்டு.

போக்குவரத்து நிதியில் அறுபது சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று 2014இலேயே கொள்கை வகுத்த ஊர் சென்னை. நல்லது நடக்காமலும் இல்லை. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதையில் அம்மா ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை என் கையைப் பிடிக்காமல் நடந்தாள்; நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தாள், உட்கார இடமும் இருந்தது. 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை வந்தது, லிஃப்டோடு. ரங்கநாதன் தெரு நெரிசலில் இனி கால் வைக்க மாட்டேன் என்றிருந்தவள், மேலேயிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பஸ் நிலையம் போய்ச் சேர்கிறாள். இவையெல்லாம் கடைவீதிகள். வீட்டு வாசலிலிருந்து அங்கே போய்ச் சேரும் தெருக்கள்தான் இன்னும் அப்படியே கிடக்கின்றன. எனக்குக் கோபம் அங்கேதான். பெரிய பாலம் கட்டத் தெரிந்த நமக்கு அரை அடிக் கல்லைச் சரியாகப் பதிக்கத் தெரியாதா?

தெரு முனையின் அந்த மின்பெட்டிக்காகவும் உயரத்துக்காகவும் மூன்று முறை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்காவதில் அளவெடுத்த போட்டோக்களையும் அம்மாவின் கையெழுத்தையும் சேர்த்தேன். "எனக்கு 31 செ.மீ. ஏற முடியவில்லை" என்று அவளே தமிழில் ஒரு வரி எழுதினாள்.

போன வெள்ளிக்கிழமை வடபழனி போக ஸ்டாப்பில் நின்றோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத சாதாரணப் பஸ் முதலில் வந்தது. முதல் படியின் உயரத்தைப் பார்த்துவிட்டு அம்மா தலையாட்டினாள். அடுத்ததும் அப்படியே. தாழ்தளப் பஸ்கள் 2024இல் வந்ததிலிருந்து அவளுக்கு அதில் ஏறிப் பழகிவிட்டது. "ஆட்டோ பிடிக்கட்டுமாம்மா?" என்றேன். "இரு, வரும்" என்று கடை நிழலில் ஒதுங்கி, கூடையைக் கீழே வைத்துவிட்டு, சாலையின் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.