முதல் வாய்ச் சோற்றிலிருந்து 2 மணி நேரம்

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு ஒரு மொபைல் ஆப் செய்கிறோம், திரைகளை வரைந்து கொடுங்கள் என்று ஒரு சின்னக் குழு கேட்டது. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் வீட்டில் இருந்தபடியே இந்த வேலைதான் செய்கிறேன். அவர்கள் அனுப்பிய பட்டியலில் கலோரிக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு, நடைக் கணக்கு, தியான இசை, ஏழு நாள் விடாமல் பதிந்தால் ஒரு பதக்கம் என்று ஏகப்பட்டது இருந்தது. முக்கால்வாசியை அடித்துவிட்டு, முதல் திரையில் ஒரே ஒரு பெரிய பொத்தானை வைத்து அனுப்பினேன்: "சாப்பிட ஆரம்பிச்சாச்சு." இவ்வளவுதானா என்றார்கள். அவர்களிடம் சொன்ன காரணங்களை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நோயைக் கண்டுபிடிப்பதற்கு ஆப் எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். சென்னை டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய முறையில் வெறும் வயிற்றில் வரவேண்டியதுகூட இல்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 (மி.கி./டெ.லி.) அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். மலையோரத்தில் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் தெரியவரும். பிரசவத்துக்கு மிச்சம் மூன்று மாதம். மற்ற சர்க்கரை நோயாளிகளைப் போல மூன்று மாதச் சராசரியைப் பார்த்துச் சாவகாசமாக மருந்து மாற்ற முடியாது. வீட்டிலேயே விரலைக் குத்தி மெஷினில் பார்த்தால், வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருக்கவேண்டும். சாப்பாட்டை மாற்றி இரண்டு வாரம் பார்த்தும் அந்த 120-க்குள் வரவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ. அப்படியானால் அந்த 2 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? முதல் வாய் உள்ளே போனதிலிருந்து. எங்கள் வீட்டில் கை கழுவியதிலிருந்து எண்ணுகிறார்கள். அதுவும் நம்மூர்ச் சாப்பாடு எங்கே ஒரு மூச்சில் முடிகிறது? சோறும் மீன்கறியும் ஆனதும் ஒரு மட்டிப்பழம், அரை மணி கழித்து ஒரு சாயா. எண் சரியாக இருந்தும் நேரம் தப்பென்றால் டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? அதனால்தான் அந்தப் பொத்தான். அழுத்தினால் கடிகாரம் ஓடும், 2 மணி நேரம் ஆனதும் மணியடிக்கும். வேறு எதையும் கேட்காது.

என் மதினி அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்க்கிறாள். இரண்டாவது பிரசவத்தில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. வரைந்ததை அவளிடம் காட்டினேன். "பிள்ளே, மணியடிச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. வெறுமனே அதிர்ற மாதிரி வை" என்றாள். போன் பையில் கிடக்கும்போது அதிர்ந்தும் தெரியாமல் போகலாம். அதனால் 2 மணி நேரம் தாண்டிவிட்டாலும் பதிவை ஆப் மறுக்கக் கூடாது. 2 மணி 40 நிமிடத்தில் எடுத்தாளா, எண்ணுக்குப் பக்கத்தில் அந்த நேரத்தையும் சின்னதாகக் காட்டிவிட்டால் போதும், டாக்டருக்குப் புரியும். இன்னொன்று, அதிரும்போது திரையில் "சுகர் பார்க்கவும்" என்று வரக்கூடாது, "நேரமாச்சு" மட்டும்தான். போன் அவள் கையில் மட்டும் இருப்பதில்லை. பிள்ளைகள் விளையாடுவார்கள், பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் பேசுவார்.

எண் எதிர்பாராமல் கூடினால் ஆப் கேட்கும் முதல் கேள்வி, "கையை சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?" பழம் உரித்த விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினால், விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்துத்தான் மெஷின் காட்டும். ரத்தத்தைத் தொட்டு மெஷினில் வைக்கிற ஸ்ட்ரிப் டப்பாவை மூடி வைக்கச் சொல்லியும் ஒரு வரி வைத்தேன். கடலோரக் காற்றில் ஈரம் சும்மா விடாது.

சாப்பாட்டுப் பட்டியலுக்கு வருகிறேன். அவர்கள் கொடுத்ததில் ஓட்ஸ், பிரவுன் பிரெட், சாலட். எங்கள் தெருவில் யார் வீட்டில் இதெல்லாம் இருக்கிறது? சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள் என்று மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) ஒரு தட்டு நிறையத் தின்கிறவர்கள்தான் இங்கே உண்டு. கிழங்கில் மாவுச்சத்து சோற்றைவிடக் குறைவில்லை. கருப்பட்டிக் காப்பி சீனி சேர்ந்ததில்லை, அதனால் குடிக்கலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். சம்பா அரிசி நல்லதுதான், ஆனால் அதற்காக இரண்டு தட்டு ஆகாது. ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) அவித்துப் புட்டோடு பிசைந்தால் மாவோடு இனிப்பும் சேர்ந்துவிடும். ஆகவே கிராம் கணக்கை எடுத்துவிட்டு எங்கள் தட்டையே படம் எடுத்துப் போட்டேன்: நாலு துண்டு கிழங்கு, பக்கத்தில் சாளை மீன்கறி நிறைய, முருங்கைக்கீரைத் தோரன் அதைவிட நிறைய. சாளையும் நெத்திலியும் இருக்கிற ஊரில் புரதத்துக்கு டப்பா மாவு வாங்கச் சொல்வது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

ஏழாம் மாதத்தில் பெண் வீட்டார் பலகாரம் கொண்டுவருவார்கள். முந்திரிக்கொத்து, அதிரசம், அச்சு முறுக்கு. அந்த 24-28 வாரப் பரிசோதனை நடப்பதும் ஏறக்குறைய அதே வாரங்களில். இதற்கு ஒரு திரையும் என்னால் வரைய முடியவில்லை. கேட்பவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

வரைபடத்தையும் எடுக்கச் சொன்னேன். வெறும் வயிற்று எண்ணையும் சாப்பிட்ட எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்தால் மலையும் பள்ளமுமாகத் தெரியும், பார்ப்பவள் பயந்துபோவாள். டாக்டர்களுக்குப் பழக்கமானது நோட்டில் போடுகிற நாலு கட்டம்: வெறும் வயிறு, காலை, மதியம், ராத்திரி. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். ஆகவே அதே கட்டங்களை ஒரே படமாக எடுத்துக் காட்டும் வசதி போதும். 119 பச்சை, 121 சிவப்பு என்று நிறம் காட்டுவதும் வேண்டாம் என்றேன். இரண்டு எண் வித்தியாசத்தில் ஒருத்திக்குக் குற்றவாளிக் கூண்டு எதற்கு? 70-க்குக் கீழே போனால் மட்டும் திரை முழுக்க எழுத்து பெரிதாகும்: மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடி, படு, கால் மணி கழித்து ஏதாவது சாப்பிடு, டாக்டரைக் கூப்பிடு.

வீட்டில் மாமிக்கென்றே (மாமியாருக்கு) ஆப்பில் ஓர் ஒலிப்பதிவு உண்டு. "சீனி அள்ளித் தின்னா, அதான் வந்திருக்கு" என்கிற பேச்சை நிறுத்த. நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினுக்கு முட்டுக்கட்டை போடும், எல்லாக் கர்ப்பிணிக்கும் இது நடக்கும், அதை ஈடுகட்டும் அளவுக்கு இன்சுலின் சுரக்காதவர்களுக்குச் சர்க்கரை ஏறும் என்று ஒரு நர்ஸ் அக்கா எங்கள் பேச்சிலேயே சொல்லியிருக்கிறார். ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பவர்களுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது: தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், போடுகிற இன்சுலின் போகாது.

கடைசியாகச் சண்டை போட்டது பிரசவத்துக்குப் பிறகு வரும் திரைக்காக. பிள்ளை பிறந்ததும் ஆப்பை யாரும் வைத்திருக்க மாட்டார்கள், அதற்கு உழைப்பு வீண் என்றார்கள். ஆனால் ஆறாவது வாரம் மறுபடி 75 கிராம் பரிசோதனை செய்யவேண்டும். சர்க்கரை போய்விட்டது என்று நினைத்து, பேறுகால மருந்தைக் கருப்பட்டியோடு உருட்டித் தின்றுகொண்டிருக்கும் நேரம் அது. பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். பிள்ளைக்கு ஐந்து நோய்களுக்கான முதல் பென்டாவேலன்ட் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரம் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். இந்தத் தடவை தாய் வெறும் வயிற்றில் போகவேண்டும், அதனால் மணி முந்தின நாள் ராத்திரியே அடிக்கவேண்டும். பிரசவத் தேதியைப் போட்ட உடனே அந்த நாளைப் போனின் காலண்டரில் எழுதிவிடச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஆப்பை அழித்தாலும் அது அங்கேயே கிடக்கும். இதற்கு மட்டும் தலையாட்டினார்கள். பதக்கத்துக்கு இன்னும் பேச்சு நடக்கிறது.