அந்த வரியை யார் சொல்வது

லண்டன் நேஷனல் தியேட்டர் இளையோருக்காக நடத்தும் கனெக்‌ஷன்ஸ் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கிருந்து வரும் புது நாடகங்கள் சிலவற்றில் பாத்திரங்களுக்குப் பெயரே இருக்காது. ஒரு கோடு, பக்கத்தில் வசனம், அவ்வளவுதான். யார் எதைச் சொல்வது என்று நாம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு வசனத்தை வெட்டவோ மாற்றவோ எழுதியவரின் சம்மதம் வேண்டும். ஆனால் அதே வசனத்தை ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. நான் செய்தது அதைத்தான். விதிப்படி சரியான காரியம், இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பள்ளி ஸ்டுடியோவில் முதல் காட்சி நன்றாகவே போனது. அதைப் பார்க்க நேஷனலிலிருந்து வந்த இயக்குநர் பிள்ளைகளைப் பாராட்டிவிட்டு, சில வரிகள் காதில் விழவில்லை என்றும் சொன்னார். எந்த வரிகள் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. சிநேகிதி வந்து தட்டிய இரவில் தான் கதவைத் திறக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லும் இடம். அந்த நாலைந்து வரியை, குழுவிலேயே மெல்லப் பேசும் பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. லண்டனில் பிறந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அடுத்த காட்சி எங்கள் ஸ்டுடியோவைப் போல ஐந்து மடங்கு பெரிய தியேட்டரில்.

சத்தத்தைக் கூட்டச் சொல்லி எத்தனையோ பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். கூட்டினாள், ஆனால் அப்போது அந்த வரி வேறு யாரோ சொல்வது மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் ரிகர்சல் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள். பள்ளிக்குள் என்னிடம் அவள் தமிழ் பேசியதே இல்லை. அன்று பேசினாள். "மிஸ், கதவு துறக்காத பிள்ளை இதைச் சத்தமாச் சொல்லுவாளா?"

பின் வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டுமே என்றேன். "கேக்கிற ஆக்கள் கொஞ்சம் முன்னுக்கு வந்து கேப்பினம், மிஸ்" என்றாள்.

நான் பதில் சொன்னது ஆங்கிலத்தில். இரண்டு தடவையும். மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள், அவர்களுக்குப் புரியாத மொழியில் ஒருத்தியோடு மட்டும் வசனத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழ்ப் பிள்ளை என்பதால் மிஸ் அவளுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் கஷ்டம் எனக்கு மட்டுமில்லை, அவளுக்கும்தான். அந்தக் காரணத்தை இன்றும் நான் விடவில்லை. ஆனாலும் அவள் அன்று தமிழில் கேட்டது ஏதோ ஒரு தைரியத்தில்தான் என்று தோன்றும்போதெல்லாம் அந்தக் காரணம் சின்னதாகிவிடுகிறது.

அடுத்த நாள் அந்த வரிகளை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தேன். இவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தன் ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினாள். மூச்சு எங்கே எடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் சாய்கோடுகள் போட்டு வைத்திருந்தாள், ஒரு சொல்லுக்கு முன்னால் மட்டும் இரண்டு கோடு. அந்த இடத்தில் அவள் நிறுத்துவதைப் பார்த்து, வசனம் மறந்துவிட்டதோ என்று நான் பயந்ததுண்டு.

பெரிய தியேட்டரில் அந்தப் பெண் தெளிவாக, அதே இடைவெளிகளோடு சொன்னாள். பின் வரிசை வரைக்கும் கேட்டது. எல்லாரும் பாராட்டினார்கள். நான் எடுத்த முடிவு சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று அன்று ரயிலில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மைக் வைத்திருக்கலாமே என்று ஒரு சிநேகிதி கேட்டார். மேடை நிறையப் பிள்ளைகள் சும்மா பேசும்போது ஒருத்தியின் குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தால் அது அவளைத் தனியாகக் காட்டிக்கொடுக்காதா? தவிர, அங்கே ஒலி, ஒளி எல்லாவற்றையும் சரிபார்க்க நமக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்று போனவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. 1995-ல் தொடங்கிய இந்த விழாவிலிருந்து வந்த நாடகங்களில் டென்னிஸ் கெல்லியின் 'டிஎன்ஏ' இப்போது இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக்கான பாடங்களில் ஒன்று. அதில் லியா பேசிக்கொண்டே இருப்பாள், ஃபில் பதில் சொல்லாமல் தின்றுகொண்டே இருப்பான், எல்லாருடைய கண்ணும் ஃபில் மேலேயே இருக்கும். பேசாதவனிடம்தான் மேடையின் பலம் இருக்கிறது என்று வருடா வருடம் வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். அவளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். நான் சொன்னதை நம்பித்தான் என்னிடம் வந்து கேட்டாளோ என்னவோ.

13 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காகவே எழுதி வாங்கும் நாடகங்கள் இவை. கோட்டுக்குப் பக்கத்தில் பெயர் போடாமல் விடுவதே, ஒவ்வொரு குழுவும் தன் பிள்ளைகளைப் பார்த்து முடிவு செய்யட்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் நான் பார்த்தது பிள்ளையையா, தியேட்டரின் அளவையா? இப்படிக் கேட்கிறவர்களுக்கும் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. வரி கேட்காமல் போயிருந்தால், அவளைப் பார்க்க வந்திருந்த அம்மா பின் வரிசையில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

இந்த வருடமும் அவள் வந்தாள். நடிக்க இல்லை, சவுண்ட் டெஸ்க்குக்கு. அது பிடித்திருக்கிறது என்கிறாள், நன்றாகவும் செய்கிறாள். நடிக்க வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அது பரிகாரம் மாதிரி ஆகிவிடும், அவளுக்கும் அது புரிந்துவிடும்.

இந்த வருட நாடகத்திலும் பெயரில்லாத கோடுகள்தான். மறுபடி ஒரு வரி கேட்காவிட்டால் அதை மாற்றித்தான் கொடுப்பேன் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தடவையாவது, அந்தப் பிள்ளை பேசும் இடத்தில் மற்ற எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, நானே பின் வரிசையில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். அப்போதும் கேட்காமல் போகலாம்.