பங்குக் கிணறு

2023 ஆகஸ்ட் 12, சனி

இன்று காலை வாளி தரை தட்டியது. கயிறு முழுவதையும் விட்டும் மேலே வந்தது அரை வாளி கலங்கல்தான். மோட்டார் நேற்று இரவே காற்றை இழுக்கத் தொடங்கிவிட்டது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. சேறு அள்ளி, அடிமண் வரை தோண்டினால்தான் உண்டு.

கிளிநொச்சி ஸ்டேசனுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் ஒழுங்கையில் எஞ்சியிருக்கும் பழைய கிணறு இது ஒன்றுதான். ஐயா 1962இல் வளவு வாங்கியபோது எழுதிய காணி உறுதியில், கிணற்றில் ஆறில் ஒரு பங்கும் வழி வாய்க்காலும் என்று இருந்தது. அந்த ஆறு குடும்பங்களில் இன்று இங்கே இருப்பது நாங்கள் மட்டும்.

கிணறு இறைக்கக் கூலி பேச வந்த தம்பி, முற்றத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டான்.

"ரீச்சர், உங்கட சொந்த ஊர் எது?"

"இதுதான்."

"இல்லை, சொந்த ஊர்?"

கிளிநொச்சியில் பிறந்த என் வயதுக்காரருக்கு இந்த இரண்டாவது கேள்வி தப்பாது. ஐம்பது வருடமாகக் கேட்டுப் பழகியும், அவன் போன பிறகு மனம் அதிலேயே நின்றது. கிணற்று வேலை முடியும் வரைக்கும் நாளாந்தம் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 13, ஞாயிறு

எங்கள் ஒழுங்கையில் பெரியவர்கள் யாருக்கும் பெயர் இருக்கவில்லை. ஊர்தான் இருந்தது.

முதல் வீடு வேலணை ஆச்சி. எதிரே சாவகச்சேரி மாமி, அவருடைய கணவர் ஸ்டேசனில் வேலை. அடுத்து மட்டுவில் மாஸ்டர். பிறகு அச்சுவேலி மாமா, சந்தையில் வெற்றிலைக் கடை. கடைசியில் தண்ணீரூற்று அண்ணை, உழவு இயந்திரம் வைத்திருந்தவர். எங்கள் வீட்டை மற்றவர்கள் காரைநகர் வீடு என்றார்கள். எனக்குக் காரைநகர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை போய் வரும் இடம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதும், இரவில் கடல் இரைகிற சத்தமும் மட்டும்தான் நினைவு. ஆனாலும் நான் காரைநகர்ப் பெட்டைதான்.

பெரியவர்கள் எல்லாரும் மனதுக்குள் ஒரு பயணப்பெட்டியைக் கட்டியபடியே இருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, செத்த வீடு, கலியாண வீடு எல்லாவற்றுக்கும் "ஊருக்குப் போறம்" என்பார்கள். ஊர் என்றால் அநேகம் பேருக்கு அது வடக்கே, ஆனையிறவுக்கு அங்கால். இங்கே இருப்பது வயலுக்காகவும் உத்தியோகத்துக்காகவும்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரணைமடுக் குளத்து வேலை 1902இல் தொடங்கியது. கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் 1936இல் வந்தது. காடு வெட்டிக் காணி எடுத்தவர்கள், நுளம்புக்கும் மலேரியாவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் தலைமுறை அது. எனக்கு ஆறு வயதாகும்போதும் இந்தப் பட்டினத்துக்கு ஒரு மனித ஆயுள் வயதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடப் படிவத்தில் மாவட்டம் என்ற இடத்தில் யாழ்ப்பாணம் என்றுதான் எழுதுவோம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அப்போது நான் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு மட்டும் வேறு ஊர் இல்லை. ஒழுங்கையில் நாங்கள் பதினெட்டுப் பேர். யார் யாருடைய வீட்டுப் பிள்ளை என்று கவனிக்காமல், கையில் அகப்பட்டதற்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புவார்கள். சாவகச்சேரி மாமி வாரினால் கண் இழுபடும். அவ்வளவு இறுக்கம்.

1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து சனம் வரத் தொடங்கியது. ஒரு குடும்பம் அச்சுவேலி மாமாவின் வளவில் கொட்டில் போட்டு இருந்தது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். அந்தத் தாய் பதுளை அக்கா ஆனார். முதல் நாள் பின்னேரம் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தவர் கட்டுக்கு ஐந்தாறடி தள்ளி நின்றுவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் யாரும் வாவென்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் யார் அள்ளலாம், யாருக்கு அள்ளி ஊற்ற வேண்டும் என்று இருந்ததை எங்கள் பெரியவர்கள் சாமானோடு சாமானாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அச்சுவேலி மாமாதான் பங்குக் கதையை எடுத்தார். ஆறு பேருக்கு எழுதின கிணறு என்றார்.

வேலணை ஆச்சி உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர், எழும்பிப் போய்க் கயிற்றை எடுத்துப் பதுளை அக்காவின் கையில் கொடுத்தார்.

"தண்ணி என்ன உறுதி பார்த்தோ ஊறுது? அள்ளு பிள்ளை."

அன்றிலிருந்து ஏழு வாளி.

2023 ஆகஸ்ட் 15, செவ்வாய்

இறைக்கும் மிஷின் இன்று வந்தது. மத்தியானம் வரை ஒரே புகையும் சத்தமும். நாளைக்கு ஒருவர் உள்ளே இறங்குவார்.

மிஷினை நிறுத்திய நேரம் ரயில் போனது. இந்த வருடத் தொடக்கத்தில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் பாதை திருத்துவதற்காக நிறுத்தியிருந்தார்கள். போன மாதம்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. ஆறு மாதம் அந்தச் சத்தம் இல்லாமல் நாள் எவ்வளவு நேரம் ஆனதென்றே தெரியாமல் இருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மணிக்கூடு அவசியமில்லை. இரவு மெயில் விடியப்புறம் போகும்போது அம்மா அடுப்பு மூட்டுவார். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கிய வண்டி, எனக்கு மூத்தது. சனி ஞாயிறில் அதற்குக் கை காட்டத் தண்டவாள ஓரம் போவோம். 1990இல் வடக்கு ரயில் நின்றது. பிறகு யுத்தத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. ரயில் பாதை பற்றை மூடிய நீள மேடாகக் கிடந்தது. 2013 செப்டம்பரில் திரும்பவும் கிளிநொச்சிக்கு ரயில் வந்த அன்று ஸ்டேசனடியில் சனம் சனமாக நின்றது. நான் பின்னால் போய் நின்றேன். கை காட்டினேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

2023 ஆகஸ்ட் 19, சனி

மூன்று நாளாகச் சேறு வருகிறது. 2010இல் மீள்குடியேறியபோது ஒருமுறை இறைத்துச் சுத்தம் பண்ணித் தந்தார்கள்தான், ஆனால் அப்போது அடி வரை போகவில்லை. இந்தமுறை கரிய சேறு. வாளி வாளியாகப் பூவரசடியில் கொட்டி, நான் தடியால் கிளறிக்கொண்டு இருந்தேன். என் நினைப்பில் இருந்தது ஒரு பித்தளைக் குடம். 1996 செப்டம்பரில் ஷெல்லுக்குள்ளால் ஸ்கந்தபுரம் போக வெளிக்கிட்டபோது, அம்மா அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியதை என் கண்ணால் பார்த்தேன். அம்மாவின் சீதனக் குடம்.

குடம் வரவில்லை. வந்தவை இவை: ஒரு இரும்புக் கப்பி. துருப்பிடித்த வாளிக் காம்புகள் நாலு. ஒரு செருப்பு. பிள்ளைகள் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளை ஒன்பது. நீல விளிம்பு வைத்த எனாமல் கோப்பை ஒன்று.

போளைகளைக் கழுவி வெயிலில் வைத்தேன். அவை என் தம்பியுடையவை. மட்டுவில் மாஸ்டரின் மகனோடு கோபம் வந்து, தோற்ற போளைகளைக் கொடுக்காமல் கிணற்றுக்குள் எறிந்தவன் அவன். இப்போது ரொறன்ரோவில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். படம் எடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தான். "அக்கா, பன்னிரண்டு எறிஞ்சனான். மிச்சம் மூண்டையும் பாருங்கோ" என்றான். பிறகு கன நேரம் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

எனாமல் கோப்பை வேலணை ஆச்சியுடையது. அதற்காக ஒரு கிழமை ஒழுங்கை முழுவதையும் ஏசியவர் அவர். பாண் தட்டுப்பாடான காலம் அது, 1974 அளவில். விடிய நாலு மணிக்குச் சங்கக்கடை வாசலில் வரிசை. பெரியவர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளை வரிசையில் விடுவார்கள். கல்லோ தடியோ வைத்து இடம் பிடிக்கலாம் என்பது ஒழுங்கு. ஆச்சியின் இடத்துக்கு அந்தக் கோப்பை. பாண் கிடைக்காத நாளில் மரவள்ளிக் கிழங்கும் பச்சைமிளகாய்ச் சம்பலும். இன்றைக்கும் அவித்த மரவள்ளி மணம் வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, அந்த வரிசை இருட்டுத்தான் வரும்.

ஆனால் அதே காலம்தான் வன்னிக்கு மிளகாய்க் காலம். செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வராமல் அரசாங்கம் நிறுத்தியிருந்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்திருந்தார்கள். தண்ணீரூற்று அண்ணை வட்டக்கச்சியில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கன்று வைத்தார். அறுவடை நாளில் ஒழுங்கை நீளத்துக்குச் சாக்கு விரித்துச் சிவப்பாகக் காயும். காற்று எழும்பினால் எல்லா வீட்டிலும் தும்மல். தும்மித் தும்மிச் சிரிப்பார்கள், ஏனென்றால் அது காசுத் தும்மல். அந்தக் காசில் அண்ணை வாங்கிய பெரிய வானொலிப் பெட்டி ஒழுங்கைக்கே பொது. பின்னேரம் யன்னலைத் திறந்து சத்தத்தைக் கூட்டி விடுவார், நாங்கள் கிணற்றடியில் இருந்து பாட்டுக் கேட்போம். 1977இல் இறக்குமதி திறந்துவிட்டதோடு விலை விழுந்தது. அடுத்த வருடம் அவருடைய மிளகாய் சாக்கோடு கிடந்து பழுதானது. வானொலியை விற்கவில்லை, உழவு இயந்திரத்தை விற்றார். எங்களுக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

பாலைப்பழக் காலத்தையும் சொல்ல வேண்டும். காட்டுப் பக்கமிருந்து பனை ஓலைப் பெட்டியில் கொண்டுவந்து விற்பார்கள். மஞ்சள் பழம், தேன் மாதிரி. பால் உதட்டில் ஒட்டிக்கொண்டால் வாய் திறக்க முடியாது. மட்டுவில் மாஸ்டர் கேள்வி கேட்டால் நாங்கள் எல்லாரும் வாயைக் காட்டுவோம். அவரும் ஒரு பழத்தை வாங்கித் தின்றுவிட்டுத் தன் வாயைக் காட்டுவார்.

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு, இரவு

ஊற்று வந்துவிட்டது. தெற்குப் பக்கத்து மண்ணிலிருந்து கசிந்தது. இரணைமடுப் பக்கம் என்று ஐயா சொல்லுவார். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் கிணறும் ஏறும் என்பது அவருடைய கணக்கு.

ஐயா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் இடம். சைக்கிளில் போய் வருவார். வேலைச் சட்டையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், எத்தனை தோய்த்தாலும் ஒரு மணம் போகாது. கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் எங்களைத் தூக்குவார். ஒழுங்கையிலேயே அதிகம் "ஊருக்குப் போறன்" என்று சொன்னவரும் அவர்தான். பென்சன் எடுத்தால் காரைநகரில் வீடு கட்டுவேன் என்பார். கல்லும் கொஞ்சம் பறித்து வைத்திருந்தார்.

2009இல், இடம்பெயர்ந்து போய் இருந்த செட்டிகுளம் முகாமில் பதிவு நடந்தது. வெயிலில் நீள வரிசை. ஐயாவுக்கு எழுபத்தாறு வயது, கையில் ஊன்றுதடி. மேசையில் இருந்த பையன் சொந்த இடம் எதென்று கேட்டான். காரைநகர் என்று சொல்லப்போகிறார் என நினைத்து நான் எழுத்துக் கூட்டிச் சொல்லத் தயாராக இருந்தேன்.

"கிளிநொச்சி. ஸ்டேசன் ஒழுங்கை" என்றார் ஐயா.

"பிறந்த ஊரையும் சொல்லுங்கோ ஐயா."

"அது வேறை, தம்பி. சொந்த இடம் கேட்டனீர். அங்கைதான் எனக்குக் கிணத்திலை பங்கிருக்கு."

நாங்கள் திரும்பி வருவதற்கு இரண்டு மாதம் முன்பு முகாமிலேயே கண்ணை மூடிவிட்டார். வந்து பார்த்தபோது வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை எது வளவு எது என்று தெரியவில்லை. முழங்கால் உயரப் பற்றை. கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடி அளந்துதான் ஒவ்வொரு வீடும் இருந்த இடத்தைச் சொன்னேன். தகரக் கொட்டிலும் அப்படி அளந்த இடத்திலேயே போட்டோம்.

2023 ஆகஸ்ட் 23, புதன்

கட்டு உயரத்துக்குப் பாதி தண்ணீர். இன்று பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார்கள். ஒரு நாள் அள்ளக்கூடாது.

கப்பியை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். சுற்றுகிறது, ஆனால் சத்தம் போடுகிறது, அப்போதும் போட்டது. ஒழுங்கைக்குப் புதிதாக வந்த வீட்டுப் பிள்ளை ஒன்பது போளையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தம்பியிடம் சொன்னேன், சரி என்றான்.

பின்னேரம் கிணற்றடியில் நின்றேன். பவுடர் மணம் எழும்பிக்கொண்டிருந்தது. ஐயாவின் சட்டை மணம். இருட்டும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.