ஜென் காருக்கு இன்ஜின் மாற்றுவதா, எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதா: இதுவரை செய்து பார்த்தவை

திருவொற்றியூரில் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் மாருதி ஜென், 2006-இல் பதிவானது. சில மாதங்களாக மேம்பாலம் ஏறும்போதெல்லாம் நீலப் புகை விடுகிறது. ஆயிலும் விரைவாகக் குறைகிறது. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டும் இதுவே. 20 ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுவிட்டதால், பணத்தைக் கட்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோகும் முன்பே இந்த வண்டியை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று தீர்மானித்துவிட விரும்பினேன்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தேன். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். மூன்று சிலிண்டர்களில் கேஜ் முள் 160 பி.எஸ்.ஐ.-யை ஒட்டி நின்றது. மூன்றாவது சிலிண்டரில் 110-ஐத் தாண்டவில்லை. அந்தச் சிலிண்டரின் பிளக் மட்டும் மரை வரை ஆயில் நனைந்து, முனையில் கரி கட்டிப்போய் இருந்தது. பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுழற்றியபோது முள் நன்றாகவே ஏறியது. ஆயில் விட்டும் ஏறாமல் இருந்தால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். ஆக, கோளாறு எங்கே என்பது தெளிவாயிற்று.

ஜென் பிரியர்கள் பலரும் சொல்லும் வழி, மாருதியின் இன்னொரு காரான எஸ்டீமின் 1298 சிசி இன்ஜினைப் பொருத்துவது. ஜெனின் 993 சிசி இன்ஜினும் அதுவும் சுசுகியின் ஒரே ஜி வரிசையைச் சேர்ந்தவை என்பதால் வேலை பெரிதும் கைகூடும். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேள்வியும் எழும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரில் அந்த வழியை நான் விரும்பவில்லை.

அதே வகைப் பழைய இன்ஜினைத் தேடி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். கிடைக்காமல் இல்லை. ஆனால் அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது, அதற்குரிய தாள்கள் உண்டா என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லாத இன்ஜினை வாங்கவே கூடாது; எண் மாறுவதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும். சென்னையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினா என்பது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறத்தைத் தடவினேன். விரலில் மோர் போல வெளுத்த பசை ஒட்டியது. ஆயிலில் தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது. வாங்காமல் திரும்பினேன்.

எக்ஸ்சேஞ்சுக்காக ஷோரூமிலும் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகையில் பெரும்பகுதி 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்'. வண்டிக்கென்று தனியே கேட்டபோது பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே நின்றது. பழைய வண்டிக்கான விலையையும் புதுக் காருக்கான தள்ளுபடியையும் பிரித்து எழுதித் தரச் சொல்வது அவசியம்.

இவை எல்லாவற்றையும் விட முடிவைத் தீர்மானித்தது காரின் பாடி, அதாவது தகட்டு உடல்தான். எங்கள் மெக்கானிக் அண்ணன் தொடக்கத்திலேயே, "பாடி நிக்குமான்னு பாருங்க சார், இன்ஜினை எப்ப வேணா பாத்துக்கலாம்" என்றார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் வாழும் கார்களுக்கு இதுவே முதல் பரிசோதனையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உப்புக் காற்று வெளிப் பெயின்ட்டைத் தொடாமலேயே, ஈரம் தங்கும் மடிப்புகளுக்குள் தகட்டைத் தின்றுவிடும். சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு ஏறிய இடம் மொத்தென்று ஒலிக்கும். அப்படி ஒலித்த இடங்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தியபோது, டிரைவர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அளவுப் பரப்பில் முனை உள்ளே இறங்கிற்று. இடப்பக்க ரன்னிங் போர்டின் பின்கோடியிலும் அப்படியே. ஆனால் முன்புற ஸ்ட்ரட் மவுண்டிங், பின் ஆக்ஸில் பிடிமானம், சேசிஸ் எண் பொறித்த தகடு ஆகியவை உறுதியாக இருந்தன. முந்தைய இரண்டும் பேட்ச் வெல்டிங்கில் சரியாகும். பிந்தையவற்றில் துரு கண்டிருந்தால் அன்றே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்திருப்பேன்.

ஆகவே வண்டியை வைத்துக்கொள்கிறேன். இன்ஜினை மாற்றாமல் அதையே போர் செய்கிறேன்; அதாவது தேய்ந்த சிலிண்டர்களைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் போடுகிறேன். பிளாக் அப்படியே இருப்பதால் இன்ஜின் எண்ணும் மாறாது, ஆர்.சி.யிலும் கை வைக்க வேண்டாம். வெல்டிங் முடிந்து, உட்புறத்தில் துருத் தடுப்புப் பூச்சும் அடித்தாயிற்று. இன்ஜினை இறக்கி, பிளாக்கை லேத்தில் கொடுத்திருக்கிறோம். தேய்மானத்தை அளந்த பிறகே 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போதுமா, 0.50 மி.மீ. வேண்டுமா என்பது தெரியும்; அதுவரை பிஸ்டன் வாங்குவதாக இல்லை. பம்புகளில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே வருவதால், பெட்ரோல் செல்லும் பழைய ரப்பர் ஹோஸ்களையும் ஓ-ரிங்குகளையும் இந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடுகிறேன்.