அஞ்சு நாளைக்கு மட்டும்

சீட்டில் எழுதியதை முழுசாக வாங்குபவர்கள் எங்கள் கடைக்குக் குறைவுதான். பிரஷர் மாத்திரை பத்து நாளைக்கு, சுகர் மாத்திரை சம்பளம் வரும்வரை என்று வெட்டிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அந்த ஆட்டோ அண்ணனிடம் மட்டும் பிடிவாதம் பிடித்தேன்.

எண்டோஸ்கோப்பியில், இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதாக வந்து, 14 நாளைக்கு கிட் எழுதியிருந்தார்கள். நாளுக்கு ஒரு கிட். கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை.

“அஞ்சு நாளைக்கு மட்டும் கொடு தம்பி. அப்புறம் பார்த்துக்கலாம்.”

“எடுத்தா முழுசா எடுங்கண்ணே. இல்லைன்னா ஆரம்பிக்காதீங்க.”

“எல்லாம் காரத்தால வந்ததுதான். ஊறுகாயை விட்டா சரியாயிரும்” என்று சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னது சரிதான். நாலைந்து நாளில் எரிச்சல் அடங்குவது பெரும்பாலும் அமிலம் குறைவதால். கிருமி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாதியில் விட்டால் மிஞ்சுகிற கிருமி மருந்துக்கு மசியாமல் போகலாம். கிளாரித்ரோமைசினுக்கு மசியாத பைலோரி உலகம் முழுக்கவே பெருகிக்கொண்டிருக்கிறது. காரத்தைப் பழித்ததற்கும் அவரைக் குறை சொல்ல முடியாது. டாக்டர்களே ஒரு காலத்தில் காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்றிருந்தார்கள். 1984இல் பாரி மார்ஷல் என்ற டாக்டர் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவருக்கும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்ததே 2005இல்தான்.

ஆனால் அண்ணன் ஐந்து நாளோடு நிறுத்தவா கேட்டார், கையில் காசு அவ்வளவுதான் இருந்ததா? மீதியைப் பிறகு வாங்கியிருப்பாரோ? வாங்கியிருக்க மாட்டார், இந்தக் கவுண்டரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவர்களும் உண்டு.

இப்போது அவர் மகன் வந்து அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல் அட்டை வாங்கிப்போகிறான். அதற்கு நான் சீட்டுகூடக் கேட்பதில்லை. அது எரிச்சலை அடக்கும், கிருமியை ஒழிக்காது. முன்கூட்டியே இரண்டு வாரமாவது அதை நிறுத்திவைக்காமல், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குப் போனால், இருக்கிற கிருமியும் இல்லை என்று காட்டிவிடலாம். பையனிடம் சொன்னேன். “அப்பாகிட்ட சொல்றேண்ணே” என்றான், சில்லறையை எண்ணிக்கொண்டே.

பிறகு ஒரு அக்கா இதே கிட்டில் ஏழு கேட்டார். கொடுத்துவிட்டு, மீதி ஏழு கிட்டையும் அவர் பெயர் எழுதி எடுத்துவைத்தேன். சொன்னபடி வந்து வாங்கிப்போனார். அதை வைத்து அந்த அண்ணனும் வந்திருப்பார் என்று சொல்லிவிட முடியாது. அக்காவுக்கு மாதச் சம்பளம்.