ஊட்டியில் பிரைடு நடைக்கு ஆள் சேருமா?

1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் நடந்தவர்கள் 15 பேர்தான். தெற்காசியாவின் முதல் பிரைடு நடை, அதாவது தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் உரிமை கேட்டு நடக்கும் பெருமித நடை, என்று இன்று சொல்லப்படுவது அது. அன்று அவர்கள் வைத்த பெயர் 'நட்பு நடை'. எல்லோருக்கும் மஞ்சள் டீ-ஷர்ட். அந்த 15 பேரிலும் சிலர் வெளியூர்க்காரர்கள்! பார்க் சர்க்கஸ் மைதானத்தில் கூடியவர்கள், அப்புறம் இரண்டு குழுவாகப் பிரிந்து, எய்ட்ஸ் தடுப்பு, மனித உரிமை அமைப்புகளின் அலுவலகங்களுக்கு நேரில் போய்ப் பேசினார்கள். ஊர்வலத்தைவிட எனக்கு இந்தக் கதவு தட்டும் வேலைதான் பிடித்திருக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு அப்போது முழு பலத்தோடு இருந்த சட்டம்.

சென்னைக்கு இது வர 10 வருஷம் ஆனது. 2009 ஜூன் 28, மெரினா. தன்பாலுறவு குற்றமல்ல என்ற தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோ ஜூலை 2இல். நம்மாட்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 2012இல் மதுரையும் நடந்தது.

சரி, நம் மலைக்கு வருவோம். சேரிங் கிராஸில் கொடியோடு நின்றால் மளிகைக்கடை அண்ணாச்சி முதல் நாலாம் வகுப்பு டீச்சர் வரை பார்த்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி குன்னூர், கோத்தகிரி போய்ச் சேரும். முகமூடி போட்டு வரலாமே. தில்லியில் 2008இல் நடந்த முதல் நடைக்குப் பலர் அப்படித்தான் வந்தார்கள்.

பிரைடு மாதம் என்பதால் ஜூன்தான் வேண்டும் என்று மட்டும் அடம்பிடிக்காதீர்கள் தம்பிகளா, மழை பிடித்துக்கொள்ளும். போலீஸ் அனுமதிக்கான மனுவை நான் எழுதித் தருகிறேன்.